திருடன் வைத்த எலுமிச்சம்பழம்

அத்தியாயம் 3

மில்டுராவுக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலை ஓரத்தில், நாகராஜனின் காலைச் சாப்பாட்டைப் பறித்துக்கொள்ள அரசாங்கம் ஒரு தொட்டி வைத்திருந்தது.

‘பழ ஈ இல்லாத பகுதி இங்கே தொடங்குகிறது. கையில் உள்ள பழங்களை எல்லாம் இதில் போடவும்’ என்றது பலகை. மீறினால் எவ்வளவு அபராதம் என்றும் போட்டிருந்தது. அந்தப் பணத்துக்கு ஒரு தோப்பே வாங்கலாம்.

மார்கரெட் காரை நிறுத்தினாள். நாகராஜன் பையிலிருந்த மாண்டரின் ஆரஞ்சுகளை ஒவ்வொன்றாக உரித்து வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தான்.

“தொட்டியில போடு லா. நேரமாகுது.”

“கொஞ்சம் இருங்கக்கா. கையில இருந்தாத்தான் பழம். வயித்துல இருந்தா நாகராஜன். நாகராஜன் உள்ளே போகக் கூடாதுன்னு பலகையில எழுதலையே.”

மார்கரெட் ஈப்போவிலிருந்து எழுபதுகளில் படிக்க வந்தவள். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய் சொல்லிப் பணம் கேட்பவர்களைப் புன்சிரிப்போடு விசாரித்து விசாரித்தே தலை நரைத்துப்போய், இப்போது மெல்போர்ன் பக்கம் டண்டினொங்கில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். நாகராஜன் திருச்சிக்காரன். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தான். அவன் வந்து சேர்ந்ததும் கம்பெனி மூடியது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று இன்றுவரை சத்தியம் செய்கிறான். 2003-ஆம் வருடத்தில் அவனை வேலைக்கு வைத்துக்கொள்ள முன்வந்த ஒரே ஜீவன் மார்கரெட்தான். சம்பளம் குறைவு. ஆனால் சாப்பிட்டாயா என்று தினமும் கேட்பாள்.

“கேஸைத் திரும்பச் சொல்லு” என்றாள் அவள், வண்டி கிளம்பியதும்.

“பார்த்தசாரதி, ரோவில்ங்கற ஊர்க்காரர். ரிட்டயர்டு இன்ஜினியர். மனைவி வேதவல்லி. ரெண்டு பேரும் வாடகைக்கு ஒரு கேம்பர்வேன், அதான் படுக்கை அடுப்பு வெச்ச வண்டி, எடுத்துக்கிட்டுப் பாலைவனத்துல நட்சத்திரம் பார்க்கப் போயிருக்காங்க. இடத்தோட பேரு டெட் ஈமு டேங்க். செத்துப்போன பறவை பேரைச் சொல்லி விருந்தாளியைக் கூப்பிட இந்த நாட்டுக்காரனுக்குத்தான் தைரியம் வரும். நேத்து ஞாயித்துக்கிழமை விடியக்காலம், இவர் வெளியில மடக்குக் கட்டில்ல தூங்கிட்டு இருந்தப்ப எவனோ வேனைக் கிளப்பிட்டுப் போயிட்டான். உள்ள மனைவி. சாயங்காலமா நமக்குப் போன். போலீஸ் வேண்டாமாம். மானம் போயிடுமாம்.”

“பெண்டாட்டியைக் கடத்தியும் போலீஸைக் கூப்பிடாத புருஷன் ரெண்டே வகை. கடத்தினவன் ஒண்ணு. கடத்தினது யாருன்னு தெரிஞ்சவன் ஒண்ணு.”

“இவர் எந்த வகை?”

“அதைப் பார்க்கத்தானே தூங்காம ஓட்டறேன்.” கண்ணாடியில் தொங்கிய சின்னச் சிலுவையை விரலால் தொட்டாள். “அந்தம்மா உயிரோட இருக்கணும். மத்ததெல்லாம் அப்புறம்.”

வெளியே நிலம் சிவந்துகொண்டே போயிற்று. மரங்கள் குறைந்து, புதர்கள் குறைந்து, கடைசியில் வானம் மட்டும் தாராளமாக மிஞ்சியது.

டெட் ஈமு டேங்க் முகாமில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. ஒரு தகரக் கழிப்பறை இருந்தது. அப்பால், டோரீன் என்ற வெள்ளைக்கார அம்மாள் ஐஸும் விறகும் விற்கும் கடை. விளம்பரத்தில் இதற்குத்தான் ‘சகல வசதிகளும் உண்டு’ என்று பெயர்.

அந்த வசதிகளுக்கு நடுவே, மடக்கு நாற்காலியில், குடை பிடித்துக்கொண்டு, கழுத்தில் மஃப்ளருடன் பார்த்தசாரதி உட்கார்ந்திருந்தார். ஜன்னல் சீட்டு கிடைக்காத ரயில் பயணி மாதிரி முகம்.

“வாங்கோ. இவ்வளவு லேட்டாவா வர்றது?”

“மன்னிக்கணும் சார். பாலைவனத்துல சிக்னல் விழுந்துடுச்சு” என்றான் நாகராஜன்.

மார்கரெட் அவரைச் சுற்றியிருந்த பொருள்களைப் பார்த்தாள். “இதெல்லாம் வேன்ல இருந்ததா சார்?”

“ஆமாம்மா. முழிச்சுப் பார்த்தா கட்டில் பக்கத்துல இருந்தது.”

நாற்காலி. குடை. மூடி போட்ட வாளியில் குடிதண்ணீர். ஒரு ஐஸ் பெட்டியில் தயிர் சாதம், ஓரத்தில் மாவடு. ரத்த அழுத்த மாத்திரைகள், காலை தனி, இரவு தனி. படிக்கும் கண்ணாடி. அதைத் துடைக்கும் துணி.

“இவ்வளவு பொறுப்பான திருடனை நான் பார்த்ததே இல்லை சார்” என்றான் நாகராஜன். “என் ரூம்மேட் இவன்கிட்ட டிரெயினிங் போகணும்.”

“ஏன் நக்கல் பண்றேள்? ஆத்துக்காரியைக் காணுமேன்னு நான் தவிச்சிண்டிருக்கேன்.”

“மனைவி தானே ஓட்டிட்டுப் போயிருக்கலாமில்ல?” என்றாள் மார்கரெட், நீளமான தலைமுடி ஒன்று தயிர் சாத மூடியில் ஒட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டே.

“அவளா? அவளுக்குக் கடையில தள்ளுவண்டியையே நேராத் தள்ளத் தெரியாதும்மா!”

வேன் நின்ற இடத்தில் நாகராஜன் குந்தி உட்கார்ந்தான். செம்மண்ணில் நான்கு சக்கரங்கள் அழுந்திய பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் மஞ்சளாக, தட்டையாக ஏதோ ஒன்று. எறும்புகள் மாநாடு நடத்திக்கொண்டிருந்தன.

“அக்கா, கேஸ் முடிஞ்சிடுச்சு. எலுமிச்சம்பழம்!”

“அதுக்கென்ன?”

“நீங்க கோயிலுக்குப் போற ஆள் இல்லை, சர்ச்சுக்குப் போற ஆளு, அதான் தெரியலை. வண்டியில முக்கியமான பயணம் கிளம்பறப்ப நாலு சக்கரத்துக்கும் அடியில எலுமிச்சம்பழம் வைப்போம். ஏத்தி நசுக்கிட்டுப் போனா திருஷ்டி போச்சு, விபத்து வராது. எந்தத் திருடனாவது சாமி கும்பிட்டு, நாலு பழம் வெச்சு, திருஷ்டி கழிச்சுட்டு வண்டியைத் திருடுவானா? அப்படி ஒரு திருடன் இருந்தா அவன் எங்க சித்தப்பாவாத்தான் இருக்கணும்.”

மார்கரெட் சிரித்தாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள். “பழத் தொட்டியைத் தாண்டிப் பழம் எப்படி வந்துச்சு? சரி, கடைக்குப் பின்னால பாரு.”

டோரீனின் கடைக்குப் பின்னால், பாத்திரம் கழுவிய தண்ணீரில் வளர்ந்த ஒற்றை எலுமிச்சை மரம், அந்த வட்டாரத்துக்கே ராஜா போல நின்றது. “அங்க வாங்கியிருக்காங்க” என்று முடித்துக்கொண்டாள் மார்கரெட். யார் வாங்கினார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கெட்டிக்காரர்களுக்குக் கேட்காமலே தெரிந்துவிடுகிறது. அதுதான் அவர்களுடைய கஷ்டம்.

சக்கரத் தடம் இன்னொரு கதை சொல்லிற்று. வேன் மூக்கு ஒரு மொட்டைக் கட்டைக்கு எதிரே நின்றிருந்தது. யாராக இருந்தாலும் பின்னால் எடுத்துத்தான் திருப்புவார்கள். இந்தத் தடமோ பின்னால் ஒரு சாண்கூடப் போகவில்லை. கட்டையை உரசி முன்னேறி, புதரில் ஏறி, கழிப்பறையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, அதன் பிறகுதான் வாசலை நோக்கிப் போயிருந்தது.

“கழிப்பறைக்குப் பிரதட்சணம்” என்றான் நாகராஜன் பயபக்தியோடு. “அதுவும் வலமாவே. மாமிக்கு வண்டி ஓட்டத் தெரியும் சார். ரிவர்ஸ் மட்டும் இன்னும் சொல்லித்தரலை.”

பார்த்தசாரதி குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

கடையில் டோரீன் அவர்களைக் கண்டதும் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். பார்த்தசாரதிக்கு நேற்றிரவு படுக்க உள்ளே இடம் கொடுத்தவளும் அவள்தானாம். “இவர் மனைவி மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாளா?” என்று இயல்பாகக் கேட்டாள்.

மார்கரெட் பார்த்தசாரதி பக்கம் திரும்பினாள்.

“எங்ககிட்ட கடத்தல். இவங்ககிட்ட மகள் வீடு” என்றாள் மார்கரெட். “எது லா சார் உண்மை?”

பார்த்தசாரதி மஃப்ளரை அவிழ்த்தார். “பொண்ணு பத்மா புரோக்கன் ஹில்ல இருக்கா. இங்கேர்ந்து மேற்கே ரெண்டு மணி நேரம். அஞ்சு வருஷம் முன்னாடி ஒரு சிலோன் டாக்டரைப் பண்ணிண்டா. நான் நாலு வார்த்தை பேசினேன். பேசக் கூடாத வார்த்தை. இந்த வாரம் அவளுக்குப் பிரசவம். வேதா அங்கதான் போயிருப்பான்னு தெரியும். ஒரு போன் வரும், சேந்துட்டேன்னு சொல்லுவான்னு நாள் பூரா இங்க உக்காந்திருந்தேன். வரலை.”

“மக வீட்டுக்குப் பண்ணிக் கேக்க வேண்டியதுதானே?”

“எந்த மூஞ்சியை வெச்சுண்டு கேக்கறது?”

“போன்ல மூஞ்சி தெரியாது சார்” என்றான் நாகராஜன். மார்கரெட் அதற்குள் எண்ணை வாங்கிக் கடைப் போனில் சுழற்றிவிட்டாள்.

“ஓம், விக்னராஜாதான் கதைக்கிறன்” என்றது மறுமுனை. “மாமியோ? இஞ்ச வரேல்லையே! ஞாயிறு விடிய வெளிக்கிட்டு வாறன் எண்டு களவா ஃபோன் பண்ணினவ. நேற்று முழுக்கப் பாத்துக்கொண்டிருந்தனாங்கள். மாமா மறிச்சுப் போட்டார் எண்டுதான் நினைச்சம். பத்மா ஒரே அழுகை… அப்ப மாமி எங்க?”

மார்கரெட் மெதுவாக ரிசீவரை வைத்தாள். “மாமி அங்க வந்து சேரலை” என்றாள். ஒரு பக்கம் அப்பா மகளை நினைத்துச் சும்மா இருந்தார். மறுபக்கம் மகள் அப்பாவை நினைத்துச் சும்மா இருந்தாள். இரண்டு கோபத்துக்கும் நடுவில் ஒரு பெண் ஒரு பகலும் ஓர் இரவும் காணாமல் போயிருக்கிறாள்.

பார்த்தசாரதி எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார். “வேதா” என்றார், யாரிடமோ.

மூவரும் முகாம் வாசலுக்கு ஓடினார்கள். மேற்கே போனால் புரோக்கன் ஹில்; அவர்கள் காலையில் வந்த வழி. தடம் மேற்கே திரும்பவில்லை. கிழக்கே திரும்பியிருந்தது.

“கிழக்க என்ன இருக்கு?” என்று கேட்டாள் மார்கரெட்.

“ஒன்றுமில்லை” என்றாள் பின்னாலேயே வந்த டோரீன். “கரை உயர்ந்த ஒற்றைத் தடம். திரும்ப இடம் கிடையாது. கடைசியில் வறண்ட ஓடை, முழங்கால் அளவு மணல்.”

“பொண்ணு மேற்க இருக்கா. இவ எதுக்குக் கிழக்க போகணும்? வழி தெரியாமலா? இல்ல, யாராவது…” என்றார் பார்த்தசாரதி.

நாகராஜன் வானத்தைப் பார்த்தான். மண்ணைப் பார்த்தான். பிறகு கேட்டான்: “சார், மாமி சூலம் பார்ப்பாங்களா?”

“பார்க்காம தெருமுனைக் கடைக்குக்கூடப் போகமாட்டா. நான் கேலி பண்ணாத நாளே இல்ல.”

“நேத்து ஞாயிறு. ஞாயித்துக்கிழமை மேற்கே சூலம். மகள் வீடு மேற்கே. பிரசவ காரியம். அந்தத் திசையில வண்டியை எடுத்த எடுப்புல விடுவாங்களா?”

“சூலம்னா?” என்றாள் மார்கரெட்.

“ஒவ்வொரு கிழமையும் ஒரு திசை ஆகாதுக்கா. போயே ஆகணும்னா பரிகாரம் உண்டு. மேற்கேன்னா ஒரு துண்டு வெல்லம் வாயில போட்டுட்டுக் கிளம்பலாம். சார், வேன்ல வெல்லம் இருந்துச்சா?”

“நேக்கு சர்க்கரை வியாதி. ஆத்துல அஞ்சு வருஷமா வெல்லமே வாங்கறதில்ல.”

“அப்ப வேற வழி? வேற திசையில கொஞ்ச தூரம் போற மாதிரி போயிட்டு, அப்புறம் திரும்பி மேற்கே போறது. சூலத்துக்குத் தெரியாம ஏமாத்திடலாம். சூலம் பாவம், முதல் திருப்பத்தை மட்டும்தான் கவனிக்கும். மாமி கணக்கு சரி. நம்ம ஊர்ல தெரு மூலையில திரும்பி வந்திருப்பாங்க. இங்க தெரு மூலை எங்க இருக்கு? மாமிக்கோ ரிவர்ஸ் வராது.”

டோரீன் பின்பக்கம் திறந்த தன் யூட் வண்டியில் இழுவைக் கயிற்றைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

யூட் முன்னால் போக, கார் பின்னால் குலுங்கியது. பார்த்தசாரதி பின் சீட்டில் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஸ்லோகமா, திட்டா என்று நாகராஜனுக்குப் பிடிபடவில்லை. மார்கரெட்டின் உதடுகளும் அசைந்தன. இரண்டு வேண்டுதலும் ஒரே இடத்துக்குத்தான் போயிருக்க வேண்டும்.

முதலில் தெரிந்தது ஒரு புடவை. மஞ்சள் பட்டு, சிவப்புக் கரை. வேனின் கூரைமேல் விரித்து, நான்கு மூலையிலும் மளிகைச் சாமான் டப்பாக்களைப் பாரம் வைத்திருந்தது. முன் சக்கரங்கள் ஓடை மணலில் பாதி புதைந்திருந்தன. வேனின் நிழலில், கவிழ்த்த வாளிமேல், ஒன்பது கஜம் இல்லாவிட்டாலும் அதே கம்பீரத்தோடு வேதவல்லி மாமி உட்கார்ந்திருந்தாள்.

பார்த்தசாரதி கார் நிற்பதற்குள் இறங்கினார். ஓடினார். இரண்டடி தள்ளி நின்றுவிட்டார்.

மாமி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “கார்த்தால மாத்திரை போட்டுண்டேளா?”

“போட்டுண்டேன்.”

“பொய்.”

“…மறந்துட்டேன்.”

டோரீன் மாமியின் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். “வண்டியை விட்டு நகராமல் இருந்தாயே, நல்ல காரியம்” என்றாள்.

“உன் கடைச் சுவரில் எழுதிப் போட்டிருந்தாயே, வண்டி நின்றால் விலகிப் போகாதே என்று. நான் சுவரில் எழுதியதைப் படிக்கிறவள்” என்று மாமி அழகான ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, நாகராஜனைப் பார்த்துத் தமிழுக்கு வந்தாள். “நீங்கள்லாம் யாரு?”

“உங்களைக் கடத்தின திருடனைப் பிடிக்க வந்தவங்க மாமி. பிடிச்சுட்டோம். எலுமிச்சம்பழம் வெச்சு மாட்டிக்கிட்டீங்க.”

“எலுமிச்சம்பழமா?” மாமி புருவத்தைத் தூக்கினாள். “நான் எங்கே வெச்சேன்? வெக்கணும்னு ஆசைதான். ஓசைப்படாம கிளம்பற அவசரத்துல எங்கே வெக்கறது? வண்டியை எடுத்த உடனே நாலு பக்கமும் சத் சத்னு சத்தம். டயர்தான் வெடிச்சுதுன்னு உசிரே போயிடுத்து.”

நாகராஜன் நசுங்கிய பழங்களை மனசுக்குள் மறுபடி எண்ணினான்.

டோரீனுக்குத் தமிழ் தெரியாது. மாமி ‘எலுமிச்சம்பழம்’ என்றபோது கைவிரலால் வட்டம் காட்டியது போதுமாக இருந்தது. “எலுமிச்சையா? சனிக்கிழமை சாயங்காலம் இவர்தான் என்னிடம் நான்கு கேட்டு வாங்கிப்போனார். வலது பக்கச் சக்கரத்துக்கடியில் எட்டாமல் மண்ணில் படுத்துக்கொண்டு வைத்தார். ஏதோ எஞ்சின் வைத்தியம் என்று நினைத்தேன்.”

எல்லோரும் பார்த்தசாரதியைப் பார்த்தார்கள். அவர் ஓடையைப் பார்த்தார். ஓடையில் பார்ப்பதற்குத் தண்ணீர்கூட இல்லை.

“நான் கேட்டிருக்கணும்” என்றாள் மார்கரெட். “மெல்போர்னைச் சுத்தி நட்சத்திரம் தெரியற இடம் எத்தனையோ இருக்கு. இவர் பிடிச்சது மக வீட்டுக்கு ரெண்டு மணி நேரத்துல இருக்கற இடம். மஃப்ளர் இல்லாம வெளிய வராத மனுஷன் வெளியில படுத்தார். வேன் சாவி எங்க இருந்துச்சு மாமி?”

“அடுப்புக்குப் பக்கத்துல, ஆணியில. எப்பவும் சட்டைப் பையில வெச்சுண்டு படுக்கறவர்…” மாமி நிறுத்தினாள். கணவர் பக்கம் திரும்பினாள். “நேக்கு டிரைவிங் தெரியும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“ரெண்டு மாசமா கார் சீட் முன்னாடி தள்ளியே இருக்கு” என்றார் பார்த்தசாரதி ஓடையிடம். “நான் பின்னாடி தள்ளிண்டு ஓட்டினேன்.”

“கேக்கலையே?”

“கேட்டா நீ நிறுத்திடுவே.”

“எழுந்து, ‘வா, நானே கொண்டுபோய் விடறேன்’னு சொல்லியிருக்கலாமோல்லியோ?”

“சொல்லலாம்னுதான்… நீ ஸ்டார்ட் பண்ற வரைக்கும் முழிச்சிண்டுதான் படுத்திருந்தேன். நீ அந்தக் கக்கூஸைச் சுத்தினபோது எழுந்து வந்துடலாம்னுகூட நினைச்சேன்.”

கடவுள் சிலருக்கு அன்பை நிறையக் கொடுத்துவிட்டு, அதைச் சொல்ல வாயைக் கொடுக்க மறந்துவிடுகிறார். அவர்கள் பாவம், மண்ணில் படுத்துச் சக்கரத்துக்கடியில் கையை நீட்டுகிறார்கள். மாமி புடவைத் தலைப்பால் அவர் சட்டைத் தோளில் இருந்த செம்மண்ணைத் தட்டினாள். தேவைக்கு மேலேயே இரண்டு தட்டு தட்டினாள்.

யூட் வேனை மணலிலிருந்து பின்னுக்கு இழுத்தது. திரும்ப அகலமான இடம் வரும்வரை டோரீனே வேனை ரிவர்ஸில் ஓட்டிக் கொடுத்தாள். அதன் பிறகு மாமி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். பார்த்தசாரதி பக்கத்தில் உட்கார்ந்தார். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார் என்று பின்னால் காரில் வந்த நாகராஜன் ஊகித்தான். வேன் நேராகப் போனது.

புரோக்கன் ஹில்லில் தகரக் கூரை போட்ட ஒரு வீட்டின் முன்னால் வேன் நின்றது. கதவைத் திறந்தவன் விக்னராஜா. மாமி அவனைத் தாண்டி, “பத்மா!” என்று உள்ளே ஓடிவிட்டாள். உள்ளே அழுகையும் சிரிப்பும் ஒன்றாகக் கேட்டன.

வாசலில் இரண்டு ஆண்பிள்ளைகள். பார்த்தசாரதி செருப்பைக் கழற்றினார். ஒன்றைக் கழற்றிவிட்டு, மற்றதைக் கழற்றலாமா என்று யோசிப்பவர்போல நின்றார். வழியெல்லாம் ஏதோ ஒத்திகை பார்த்திருப்பார் போலும். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

மார்கரெட் நாகராஜனின் கையைக் கிள்ளினாள். பேசாதே என்று அர்த்தம்.

விக்னராஜா கதவை இன்னும் அகலமாகத் திறந்தான். “உள்ள வாங்கோ மாமா. களைச்சுப் போனீங்கள். தண்ணி தரட்டோ, தேத்தண்ணி போடட்டோ?”

பார்த்தசாரதி இரண்டாவது செருப்பையும் கழற்றினார்.

“ரெண்டும்” என்றார்.